தனித்தனி டிக்கெட்டில் தம்பி கல்யாணத்துக்கு

1

தம்பி முருகேசன் நேற்று வாட்ஸப்பில் இரண்டு படங்கள் அனுப்பினான். ஒன்று பெங்களூரிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு ஒரு விமானம். மற்றது ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து நாங்கள் இருக்கும் ஸ்வீடன் ஊரான கோத்தன்பர்க்குக்கு வேறொரு கம்பெனி விமானம். இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம். கீழே ஒரு வரி: “அக்கா, போட்டுடலாமா?”

வேலையில் இருந்தேன். வேலை ஓடவில்லை. காபி எடுக்கிற சாக்கில் வெளியே வந்து அவனைக் கூப்பிட்டேன்.

“டேய், தனித்தனி டிக்கெட்டுடா அது. மூணு மணி நேரம் எதுக்குப் பத்தும்?”

“ஏங்க்கா, ஓசூர்ல ஷிப்ட் முடிஞ்சி இறங்கினா மூணு மணி நேரத்துல சேலமே போயிடுவன். ஒரு ஏர்போர்ட்டுக்குள்ள நடக்க மூணு மணி நேரம் பத்தாதா?”

“பத்தாது.”

“உனக்கு எப்பவுமே பத்தாது” என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “கல்யாண நாளு அன்னிக்கி உன் வூட்ல இருக்கணும்னு கவிதா ஆசைப்படறா. அதுக்குத்தான் இந்தத் தேதி. பாத்துச் சொல்லு” என்றான்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் நெருங்குகிறது. அந்தக் கல்யாணத்துக்கு நான் போய்ச் சேர்ந்த கதையை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. நேற்றிலிருந்து அது மனசுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் அடங்குமோ என்னவோ.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தனித்தனி டிக்கெட் விவகாரம் புரியாது. ஒரே டிக்கெட்டில் வந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டுவிட்டால் உங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பாடு. பெட்டியும் தானாகப் போய்விடும். தனித்தனியாக வாங்கினால் நீங்கள் யாரோ, அவர்கள் யாரோ. இறங்கவேண்டும், பாஸ்போர்ட் வரிசையில் நிற்கவேண்டும், பெட்டி வரும்வரை காத்திருந்து எடுக்கவேண்டும், வெளியே வந்து வேறொரு கட்டடத்தைத் தேடி மறுபடி பெட்டியைப் போடவேண்டும். விமானம் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே அந்தக் கவுண்டரை மூடிவிடுவார்கள். கண்ணெதிரே விமானம் நின்றாலும் நீங்கள் வராதவர்தான்.

சில ஊர்களில் பெட்டியை எடுக்க வெளியே வருவதற்கே விசா கேட்பார்கள். எங்களுக்குத் தெரிந்த வேலூர்க் குடும்பம் ஒன்று இது தெரியாமல் லண்டன் வழியாக மலிவாக வாங்கிவிட்டு, கிளம்புகிற இடத்திலேயே ஏற்ற மாட்டேன் என்று சொல்லப்பட்டு வீடு திரும்பியது. இன்னொருவர் ஒரே நகரத்தில் இரண்டு விமான நிலையம் இருப்பதை அங்கே இறங்கிய பிறகுதான் கண்டுபிடித்தார்.

நான் என் கல்யாணத்துக்கு முன் ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடும் பிரிவில் இருந்தவள். எந்த லாரி எந்த நேரத்துக்கு வரும் என்று யார் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி இங்கேயும் கூடவே வந்துவிட்டது. இடைவெளி நான்கு மணி நேரம் என்றால் எட்டாக்குவேன், எட்டு என்றால் ஒரு நாளாக்குவேன். என் மகள் மதி, “அம்மா ஏர்போர்ட்லயே வீடு வாங்கிக்கலாம்” என்பாள். என் கணவர் கண்ணன் திருநெல்வேலிக்காரர். “உங்கம்மைக்கு ஊருக்குப் போறதவிட ஏர்போர்ட்டுல உக்காருறதுதாம் ஆசை” என்று அவளோடு சேர்ந்துகொள்வார்.

ஆசையாவது ஒன்றாவது. எங்கே உட்கார்ந்தாலும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. இங்கே இருந்தால் அங்கே மணி என்ன என்று பார்க்கிறேன். அங்கே போனால் திரும்புகிற நாளை எண்ணத் தொடங்கிவிடுகிறேன். நடுவில் அந்தக் காத்திருக்கும் நாற்காலியில்கூட எழுந்து எழுந்து பலகையைப் பார்க்கிறேன்.

3

முருகேசனுக்குப் பெண் கிடைப்பது அத்தனை லேசாக இல்லை. குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நிலம். தக்காளி, கோஸ், கொஞ்சம் ரோஜா. நிலத்தையும் பார்த்துக்கொண்டு ஓசூரில் ஷிப்ட் வேலைக்கும் போகிறான். பெண் வீட்டார் வருவார்கள், டீ குடிப்பார்கள், “மாப்பிள்ளை நிலத்தை விட்டுட்டு ஓசூரோட வந்துடுவாரா?” என்பார்கள். இவன் மாட்டேன் என்பான். அத்தோடு சரி. முப்பத்தெட்டு வயதாகிவிட்டது.

கடைசியில் ஜவளகிரியிலிருந்து கவிதா வந்தாள். அவளும் ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பேச்சில் பாதி தமிழ், பாதி கன்னடம். நிலம் இருக்கட்டும் என்று அவளே சொன்னாளாம். அம்மா அன்றைக்கே தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் குறித்துவிட்டாள். எங்கே கை நழுவிப் போய்விடுமோ என்ற பயம்.

எங்கள் பக்கத்தில் தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் அவன் கூடப்பிறந்தவள் போடவேண்டும். முருகேசனுக்கு நான் ஒருத்திதான். அப்பா போன பிறகு அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி அனுப்பியவளும் நான்தான். “நீ வராட்டி நான் கழுத்துல கட்டறது தாலியே இல்லக்கா” என்றான் போனில். வேடிக்கையாகத்தான் சொன்னான்.

இருந்த நாட்களோ குறைவு. வசிப்பிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு அது தபாலில் வருமா வராதா என்று வேறு தவம். அது கையில் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப விட மாட்டார்கள். குடியேற்ற அலுவலகத்துக்கு போன் செய்தால், “உங்கள் விண்ணப்பம் வரிசையில் இருக்கிறது” என்று ஒரு குரல், அதன் பின்னே பியானோ. அட்டை வந்து சேர்ந்தபோது ஒரே டிக்கெட்டாக எதுவும் இல்லை. இங்கிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் ஒன்று, அங்கிருந்து வளைகுடா வழியாகப் பெங்களூர் ஒன்று என்று வாங்கினேன். வியாழன் காலை கிளம்பி, பகலெல்லாம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்து, மாலையில் ஏறி, வளைகுடாவில் நெடுநேரம் உட்கார்ந்து, சனிக்கிழமை விடியலில் இறங்குவதாகத் திட்டம். கல்யாணத்துக்கு ஒரு முழு நாள் கையிருப்பு. மதிக்குத் தேர்வு இருந்ததால் அவளும் கண்ணனும் வரவில்லை.

4

புதன்கிழமை அம்மா கூப்பிட்டாள்.

“ஏண்டி செல்வி, மொதல்ல நீ போற ஊரு உங்களுக்கு எந்தப் பக்கம்?”

மதி போனிலேயே திசை பார்த்து, “தெற்கு, அம்மாயி” என்றாள்.

“அய்யோ, வியாழக்கெழம தெக்கே சூலம்டி! நல்ல காரியத்துக்குக் கெளம்பறவ சூலத்துக்கு எதுருல போவாளா?”

“அம்மா, டிக்கெட்ட மாத்த முடியாது.”

“டிக்கெட்ட யாரு மாத்தச் சொன்னா? இன்னிக்கே பரஸ்தானம் வெச்சுடு.”

பரஸ்தானம் என்றால் ஒன்றுமில்லை. கிளம்பவேண்டிய நாள் சரியில்லை என்றால், நல்ல நேரம் பார்த்து முந்தியே பயணப் பையை அக்கம்பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பியதும் நாமும் கிளம்பிய கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே போன பை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் திரும்ப வரக்கூடாது. வந்தால் எல்லாம் வீண்.

“பேருக்கு ஒரு துண்டப் போட்டு வெக்காத. பயணத்துக்கு எது முக்கியமோ அது அந்தப் பையில இருக்கணும்” என்று அம்மா அழுத்திச் சொன்னாள்.

எது முக்கியம்? பாஸ்போர்ட்டும் அட்டையும் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையும். யாரையும் நம்பாத நான், அன்றைக்கு அம்மா சொன்னதை அப்படியே நம்பி மூன்றையும் ஒரு பையில் வைத்தேன்.

பக்கத்து வீட்டில் லார்ஸ் என்று ஒரு பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில் அவரிடம் விளக்கினேன். பை இன்றைக்கு உங்கள் வீட்டில் தூங்கவேண்டும். நாளைக் காலை நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம். எந்தக் காரணம் கொண்டும் நீங்கள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அவர் நிதானமாகத் தலையாட்டி, “எந்தக் காரணம் கொண்டும் இல்லை” என்று திருப்பிச் சொன்னார். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

காலையில் போய் மணி அடித்தால் ஆள் இல்லை. கார் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது. போன் செய்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணன் பனியில் நின்றுகொண்டு, “ஏட்டி, அந்தப் பையில பாஸ்போர்ட்டயுமா வச்ச?” என்று கேட்டார். நான் மறுபடி மணியை அழுத்தினேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவரிடம் எனக்கு மரியாதை உண்டு.

லார்ஸ் கூப்பிட்டபோது என் முதல் விமானம் பறந்துவிட்டிருந்தது. வேறு ஊரில் இருக்கும் அவருடைய தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று விடியலிலேயே கிளம்பியிருக்கிறார். வண்டி ஓட்டும்போது போன் எடுக்காத மனிதர். சொன்னதும் தங்கை வீட்டு வாசலோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“கிளம்பும்போது உங்கள் வீட்டு வாசலில் வைத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் எந்தக் காரணம் கொண்டும் என்று சொன்னீர்கள்” என்றார்.

யாரைக் கோபித்துக்கொள்ள? பையை வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டு அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்போதும் அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. காரில்தான் வைத்தேன்.

5

மாலைக்குள் ஃப்ராங்க்ஃபர்ட் போக அன்றைக்கு எதுவும் கிடைக்கவில்லை. மதிதான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். “அம்மா, இரண்டாவது டிக்கெட் இன்னும் உயிரோட இருக்கு. அவங்களுக்கு நீ முதல் விமானத்தை விட்டது தெரியவே தெரியாது” என்றாள்.

உண்மைதான். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் முதல் விமானத்துக்கு நான் வரவில்லை என்றதும் மீதி எல்லாவற்றையும் ரத்து செய்திருப்பார்கள். நான் பயந்து பயந்து வாங்கிய தனித்தனி டிக்கெட்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. மதி எனக்காகத் தன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அந்தக் கம்பெனிக்காரர்களிடம் பேசினாள். தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறுகிற பெண், அவர்களிடம் அவர்கள் பாணியிலேயே வழக்கடித்து அடுத்த நாள் விமானத்துக்கு மாற்றி வாங்கினாள். பிறகு என்னிடம், “மாமாகிட்ட சொல்லு, மதி பண்ணினான்னு” என்றாள். ஊரில் இருப்பவர்களைப் பற்றி அவளாக ஒன்று சொல்லி எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

ஃப்ராங்க்ஃபர்ட் வரைக்கும் நான் புதிதாக ஒரு டிக்கெட் வாங்கினேன். ஆக, என் ஒரு நாள் கையிருப்பு போயிற்று. இப்போது முகூர்த்தத்தன்றே விடியலில் இறங்கவேண்டும். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். போய்விடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன்.

பெங்களூருக்கு மேலே வந்ததும் விமானம் வட்டமடிக்கத் தொடங்கியது. கீழே மூடுபனி. தை மாதத்தில் அங்கே காலை நேரம் அப்படித்தான் என்று தெரியாதவளா நான்? ஐரோப்பாவின் பனியை எல்லாம் கணக்கில் வைத்தவள், நம் ஊர்ப் பனியை மறந்துபோனேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஜன்னல் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்தவர், “அவசரமா போகணுமா?” என்று கேட்டார். நான் அதற்குள் சீட் பெல்ட்டைப் பலமுறை கழற்றி மாட்டியிருந்தேன்.

எப்போதும் முருகேசன்தான் அழைக்க வருவான். முந்தின நாளே வந்து காரிலேயே தூங்கிக்கொண்டிருப்பான். அன்றைக்கு அவன் மாப்பிள்ளை. அவனோடு வேலை செய்யும் மஞ்சு என்ற கன்னடக்காரத் தம்பி காரோடு நின்றிருந்தான். “டென்ஷன் மாடபேடி அக்கா, ஏனூ ஆகல்லா. கவலப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது” என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் புரிகிற துக்கம் ஒன்று உண்டு. விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே, நாம் தெற்கே. கடலெல்லாம் தாண்டி வந்த பிறகு அந்த ஊரை முழுசாகக் குறுக்கே தாண்டவேண்டும். அதற்கு எந்தக் கம்பெனியும் டிக்கெட் தருவதில்லை. சில்க் போர்டு நெரிசலில் நின்றோம். சந்தாபுராவில் நின்றோம். அத்திப்பள்ளி எல்லையில் முகூர்த்தத்துக்குப் போகிற வேன்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் பூ வைத்த பெண்கள். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது.

ஓசூர் தாண்டுவதற்குள் மணி ஒன்பதரை. அம்மாவின் போன் அடித்தது.

“எங்கடி இருக்கற?”

“ஓசூரும்மா. சூளகிரி இன்னும் வரல.”

அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது. “அய்யரு நேரம் போவுதுன்னு சொல்றாரு. பெரியப்பன் மவ சாந்தா நிக்கறா, அவ போடட்டும் செல்வி” என்றாள்.

“போடட்டும்மா” என்றேன். வேறென்ன சொல்ல? போனை வைத்துவிட்டுப் பட்டுச்சேலைப் பையைக் காலடியில் போட்டேன். மஞ்சு கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினான். வேகமாகப் போய் என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது.

6

குருபரப்பள்ளி மண்டபத்துக்குள் நான் நுழைந்தபோது பாதிக் கூட்டம் பந்தியில் இருந்தது. ஜீன்ஸ், கம்பளிச் சட்டை, கலைந்த தலை. யாருக்கும் தெரியாமல் ஓரமாகப் போய் அட்சதை போட்டுவிட்டு நிற்கலாம் என்று நினைத்தேன்.

மேடையில் முருகேசனும் கவிதாவும் இன்னும் மணவறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கவிதா தலையைக் குனிந்து, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியில் எதையோ அழுத்திப் பிடித்திருந்தாள். கழுத்து சுளுக்கிக்கொண்டதோ என்று நினைத்தேன். பக்கத்தில் சாந்தா கை கட்டிக்கொண்டு நின்றாள்.

“வந்துட்டா மகராசி” என்றாள் சாந்தா. “சீக்கிரம் ஏறு. ஒரு முடிச்சோட ரெண்டு பேரும் ஒரு மணி நேரமா உக்காந்திருக்காங்க. நான் போடறன்னு கிட்ட போனா அந்தப் புள்ள கைய எடுக்க மாட்டங்குது.”

எனக்கு உடனே புரியவில்லை. அம்மாதான் என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டே சொன்னாள். முகூர்த்த நேரத்துக்குள் முருகேசன் முதல் முடிச்சைப் போட்டிருக்கிறான். சாந்தா குனிந்ததும் கவிதா கயிற்றைக் கையால் மூடிக்கொண்டு, “எங்க அண்ணி வந்துட்டு இருக்காங்க. அவங்க வந்து போடட்டும்” என்றாளாம். பெரியவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். பெண் வீட்டில் அவள் அண்ணன் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டானாம். அய்யரைக் கேட்டிருக்கிறார்கள். “முகூர்த்தத்துல மாப்ள முடிச்சு விழுந்துடுச்சு. மத்தது உங்க வீட்டு வழக்கம், நீங்களே முடிவு பண்ணிக்குங்க” என்று அவர் அடுத்த மண்டபத்துக்குப் போய்விட்டார்.

கவிதாவை நான் அதுவரை போனில் பார்த்ததோடு சரி. அவள் பின்னால் போய் மண்டியிட்டேன். அவள் விரலெல்லாம் மஞ்சள். அழுத்திப் பிடித்துப் பிடித்து நுனி வெளுத்துப் போயிருந்தது. அந்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டியிருந்தது.

“சாரி கவிதா” என்றேன்.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் அண்ணி” என்றாள் குனிந்தபடியே. “கழுத்து மரத்துப் போச்சு. சீக்கிரம் போடுங்க.”

முருகேசன் திரும்பிப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. “எந்த ஏர்போர்ட்ல உக்காந்திருந்த?” என்று கேட்டான். மேடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே இரண்டு முடிச்சையும் போட்டேன். பட்டுச்சேலை காரிலேயே கிடந்தது.

7

நேற்று மாலை முருகேசனுக்குப் பதில் போட்டேன். மூன்று மணி நேரம் வேண்டாம். வெளிநாட்டுக்கு முதல் முறை வருகிறீர்கள், பாஸ்போர்ட் வரிசையிலேயே பாதி நேரம் போய்விடும். காலையில் இறங்கி மாலையில் ஏறுகிற மாதிரிப் போடு. அவன் ஒரு முறைத்துப் பார்க்கிற பொம்மையை அனுப்பினான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கவிதாவின் குரல் செய்தி வந்தது. பின்னால் கம்பெனி பஸ் சத்தம்.

“அண்ணி, நீங்க சொன்ன மாதிரியே போட்டாச்சுங்க. பகலெல்லாம் அங்க உக்காந்து என்ன பண்றதுன்னு உங்க தம்பி கேக்கறாரு. உங்களுக்காகக் காத்திருக்கறது எனக்கு ஒண்ணும் புதுசில்லன்னு சொல்லிட்டன்.”

சமையலறையில் நின்றபடி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மதி எட்டிப் பார்த்து, “என்னம்மா?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். பிறகு உட்கார்ந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு எனக்கும் ஒரு டிக்கெட் போட்டேன். மதியும் வருகிறேன் என்றாள். அவளுக்கும் ஒன்று. அவர்கள் இறங்குவதற்கு முந்தின நாளே போய்விடுகிற மாதிரி. கதவைத் திறந்துகொண்டு அவர்கள் வெளியே வரும்போது நாங்கள் அங்கே உட்கார்ந்திருக்கவேண்டும்.

போட்டு முடித்த பிறகுதான் கிழமையைப் பார்த்தேன். வியாழக்கிழமை. அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னால் மறுபடி பரஸ்தானம்தான். லார்ஸிடம் போய்ச் சொன்னேன், அவர் உடனே அலமாரியில் இடம் ஒதுக்கினார். இந்த முறை அந்தப் பையில் ஒரு துண்டு மட்டும்தான் இருக்கும்.